அடுத்த பிள்ளைக்கு முன்னே அட்டையை எடுங்கள்
(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் வகுப்புப் பிள்ளையொன்றின் அம்மா கேட்டார்: "டீச்சர், போன பிரசவத்தில் நஞ்சுக்கொடியால் ரத்தம் கொட்டி, உயிர் தப்பியதே பெரிசு. இன்னொரு பிள்ளை வேணும். சனல் பண்ணக் காசில்லை. கண்டியில் யாரிடம் போவது?"

இந்தக் கேள்வி பல லயங்களில் இருக்கிறது. டொக்டரின் பேரைத் தேடுவதற்கு முன், டிக்கட் வெட்டும்போது தந்த அட்டையைத் தேடுங்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாசலை மூடியிருந்ததா? பிள்ளை பிறக்கும் முன்பே கழன்றதா? தசைக்குள் ஊன்றி ஒட்டியிருந்ததா? ஒவ்வொன்றுக்கும் அடுத்த முறை வரக்கூடிய ஆபத்து வேறு. முன்பு வயிறு வெட்டிப் பிள்ளை எடுத்திருந்தால், அந்தத் தழும்பின் மேல் நஞ்சுக்கொடி ஊன்றக்கூடும். ஒருமுறை முன்பே கழன்றிருந்தால், மறுபடியும் அப்படி நடக்கும் வாய்ப்பு கூடுதல். அட்டை தொலைந்திருந்தால், பிரசவித்த திகதியைச் சொல்லி, அந்த வைத்தியசாலையில் பதிவைக் கேளுங்கள்.

அடுத்தது, வயிற்றில் பிள்ளை தங்கும் முன்பே போங்கள். அட்டையோடு உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். அவர் மூலம் எம்.ஓ.எச். டொக்டரிடம் கடிதம் வாங்கி, அரசாங்க வைத்தியசாலையில் வி.ஓ.ஜி. எனப்படும் மகப்பேற்று விசேட வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குப் போகலாம். அங்கே காசு இல்லை. சனல் பண்ணிப் பார்க்கும் நிபுணர்களில் பலர் பகலில் அரசாங்க வைத்தியசாலையில் இருப்பவர்கள்தான்.

கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் நிபுணர்கள் உண்டு. ஆனால் நஞ்சுக்கொடி தசைக்குள் ஊன்றியிருந்தால் இரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு, பல துறை நிபுணர்கள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் அப்படிப்பட்டவை. "எனக்குப் பிரசவம் எங்கே நடக்க வேண்டும்?" என்று நிபுணரிடம் வாய் திறந்து கேளுங்கள். சிங்களம் வராவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கேள்விகளைத் தாளில் எழுதித் தர நான் இருக்கிறேன்.

அதுவரை இடைவெளி விடுங்கள். ஒரு பிள்ளை பிறந்து இரண்டு வருஷமாவது கழித்தே அடுத்ததுக்கு முயல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. இரத்தச்சோகை இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். இரத்தம் குறைந்த உடம்பு இன்னொரு இரத்தப்போக்கைத் தாங்காது. போலிக் அமிலத்தைப் பிள்ளை தங்கும் முன்பே தொடங்க வேண்டும். தங்கியதும் தாமதிக்காமல் பதிந்துகொண்டு, ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறதென்று கேளுங்கள்.

ரத்தம் பட்டால், வலி இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். கொழுந்து லொறிக்கும் காத்திருக்க வேண்டாம். 1990-க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இது பொம்பளை விஷயம் என்று ஒதுங்காதீர்கள். கிளினிக்குக்குக் கூடப் போங்கள். ரத்தம் கொடுக்க முன்வாருங்கள்.

சங்கம் நிர்வாகத்திடம் கேட்பது இரண்டு: கிளினிக் நாளில் தாய்க்குப் பேர் வெட்டக்கூடாது, இரவில் அம்புலன்ஸ் ஏறி வரும்படி தோட்டப் பாதை திருத்தப்பட வேண்டும். தோட்டத் தலைவர்மாரே, அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இவற்றையும் மேசையில் வையுங்கள்.