கத்தியும் கணினியும்
(பரிசளிப்பு விழா உரை)



ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய கைகள் இங்கே பல உண்டு. கத்தி மழுங்கினால் நாமே தீட்டிக்கொள்வோம். "தீட்டக் கூடாது, இரவல் கொடுக்கவும் கூடாது"ன்னு கடைக்காரர் சொன்னா வாங்குவோமா?

கணினியில் ஓடும் மென்பொருள்கள் பல அப்படித்தான் விற்கப்படுகின்றன. கட்டற்ற மென்பொருள் வேறு. அதன் உள்ளமைப்பை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். லினக்ஸ் அந்த வகை.

நம் மலேசிய அரசாங்கம் 2004-ஆம் ஆண்டிலேயே மாம்பு என்னும் பிரிவின் வழி, அரசு அலுவலகங்களில் இதைப் பயன்படுத்தப் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. செலவைக் குறைக்கலாம், ஒரே கம்பெனியை நம்பியிருக்க வேண்டாம் என்பதே நோக்கம். கேரள அரசு ஒருபடி மேலே போய், தன் பள்ளிக் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றியது. மலையாளத்திலும் அதை அமைத்துக்கொண்டது.

பெற்றோர்களே, காசில்லாமல் கிடைக்குதேங்கிறது மட்டும் பெருசில்ல. திறந்து பார்த்துக் கற்கும் உரிமை நம்ம பிள்ளைக்கும் இருக்கு. அதைத் தமிழில் அமைக்கவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி கத்தியைத் தீட்டினார்கள். நீங்கள் கணினியைத் தீட்டுங்கள்!