சாமத்து விழிப்பு



வைத்தியர் பேச வந்தால் நீரிழிவு, பிரஷர் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் சங்கக் கூட்டங்களில் அக்காமார் என்னை ஓரமாக அழைத்துக் கேட்பது வேறு. "பிள்ளை, சாமம் 2 மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. என்ன செய்யிறது?"

"எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?" என்று நான் கேட்பேன். "எட்டரைக்கு" என்பார்கள். எட்டரையிலிருந்து 2 மணி வரை ஐந்தரை மணித்தியாலம். 60 வயதைக் கடந்த பலர் உண்மையில் நித்திரை கொள்வது 6, 7 மணித்தியாலம்தான். மிச்சமிருப்பது அரையோ ஒன்றரையோ. அதை வைத்துக்கொண்டு விடியும்வரை கிடந்தால் புரளத்தான் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் கதைக்க ஆளில்லை, சாப்பாடும் முடிந்தது, படுத்துவிடுவோம் என்று படுக்கிறோம். இதில் நோயை விடத் தனிமைதான் கூடுதல் என்பது என் எண்ணம்.

நித்திரை ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக வருவது. ஆழ்ந்த நித்திரையின் பெரும்பகுதி முன்னிரவிலேயே முடிந்துவிடும். பின்னிரவில் இடையிடையே விழிப்பது எல்லோருக்கும் உண்டு. இளவயதில் அது நினைவில் நிற்பதில்லை. எங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. செல்லடி நாட்களில் ஒரு காதைத் திறந்து வைத்தபடி படுத்தவர்கள் நாங்கள். 2009 இல் சண்டை முடிந்த பிறகும் சிலருக்கு அந்தக் காது மூடவில்லை. நாய் குரைத்தாலே எழும்பி இருந்துவிடுவார்கள். கெட்ட கனவில் வியர்த்து எழுபவர்கள் வெட்கப்படாமல் மனநல வைத்தியரிடம் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு.

மற்றவர்கள் படுக்கும் நேரத்தை 10.30 வரை பிந்தப்போடுங்கள். எப்படி நித்திரை கொண்டாலும் காலை 5 மணிக்கு எழும்புங்கள். பகல் நித்திரை அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். சாமத்தில் விழித்தால் மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள். மனம் சலிக்கத் தொடங்கினால் எழுந்து மங்கல் வெளிச்சத்தில் கதிரையில் இருங்கள். கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். முதல் இரண்டு வாரமும் பகலில் சோர்வாக இருக்கும். பலர் கைவிடுவது அங்கேதான். நாட்பட்ட நித்திரையின்மைக்குக் குளிசைக்கு முன் இத்தகைய பழக்கச் சிகிச்சையையே கொடுக்கவேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016 இல் பரிந்துரைத்தது. வலிப்பு நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

லண்டனில் மகள் இரவுச் சாப்பாடு முடித்துத் தொலைபேசி எடுக்கும்போது இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அழைப்பை ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தந்த நித்திரைக் குளிசையைப் போடாதீர்கள். அந்த மயக்கத்தில் சாமத்தில் மலசலகூடத்துக்குப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிப்பவர்கள் உண்டு. வருடக்கணக்காகப் போடுபவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வைத்தியரின் சொற்படி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

குறட்டையின் நடுவே மூச்சு நிற்பது, சிறுநீருக்குப் பலமுறை எழும்புவது, விடியப்புறம் விழித்து மனம் பாரமாகி எதிலும் விருப்பமற்றுப்போவது, இவை இருந்தால் கிளினிக்குக்கு வாருங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு கொதித்து விழிப்பதற்கும் மருந்துண்டு. என் வகுப்புத் தோழிகள் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான்.

போடும் குளிசையின் பெயர் தெரியாதவர்கள் மட்டையோடு தேநீர் நேரத்தில் என்னிடம் வரலாம். பின்வரிசையில் கண்ணை மூடியிருக்கும் அக்காவை மட்டும் யாராவது எழுப்பிவிடுங்கள். அரை மணித்தியாலம் ஆகிவிட்டது.