நமுனுகுல தரும் ஆராய்ச்சிக் களம்

கலாநிதிப் பட்டத்துக்கான ஆராய்ச்சி என்றதும் கடல் கடந்த நாடுகளின் பெரிய ஆய்வுகூடங்களே பலர் மனக்கண்ணில் தோன்றும். சுற்றாடலையும் காலநிலையையும் ஆராய விழையும் மாணவருக்கோ, நமுனுகுல மலைச்சாரலே சிறந்ததோர் ஆய்வுக்களமாகும். அதற்குரிய காரணங்களைச் சுருங்கக் கூறுவேன்.

ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவை வந்தடைகின்றது. அக்காற்றில் வாடும் கொழுந்திலேதான் ஊவாத் தேயிலைக்குரிய தனி மணம் பிறக்கின்றது. காற்றும் மழையும் பருவம் தவறுமாயின் அம்மணம் யாதாகும்? தோட்டத்தையே நம்பி வாழும் குடும்பங்களின் கதி யாதாகும்? வளிமண்டலவியலும் இரசாயனமும் தாவரவியலும் கூடி விடை காணவேண்டிய வினா இது.

இனி, மண்ணைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். எவ்வளவு மழைக்கு எந்தச் சரிவு இளகும் என்பது ஓர் ஆராய்ச்சி. எச்சரிக்கை ஏன் லயத்து வாசலை வந்தடையவில்லை, வந்தும் ஏன் பயன்படவில்லை என்பது அதனினும் அவசரமான மற்றோர் ஆராய்ச்சி. தோட்டத்து மொழியும் வாழ்வும் அறிந்தவர் இவ்வாராய்ச்சியில் இறங்குவதே சாலச் சிறந்தது.

இதற்கு வழி உண்டா என்று பெற்றோர் கேட்கலாம். உண்டு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பட்டது. பேராதனையில் விஞ்ஞானத்துக்கும் விவசாயத்துக்கும் தனித்தனிப் பட்டப்பின் படிப்பு நிறுவகங்கள் இயங்குகின்றன. தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஊவாக் கிளை பசறையிலேயே உளது. 1959இல் தொடங்கப்பட்ட திட்டத்தின் கீழ்ப் பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள் வழங்கப்பட்டு வருகின்றன. ஜேர்மனியும் யப்பானும் பிறநாட்டு மாணவருக்கு உதவுகின்றன. ஆராய்ச்சி மாணவருக்கு மாதந்தோறும் உதவிப்பணம் அளிக்கும் பல்கலைக்கழகங்கள் பல. ஆகவே, இது செல்வர்க்கு மட்டுமே உரிய கல்வியென எண்ணி ஒதுங்குதல் வேண்டா.

மாணவர் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, சிறப்புப் பட்டத்தை நல்ல தரத்துடன் பெறுதல். இரண்டாவது, ஆராயக் கருதும் வினாவைத் தெளிவாக ஒரே பக்கத்தில் எழுதி, அத்துறைப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்புதல். மூன்றாவது, தரவுகளைத் தேடிவைத்தல். தோட்டத்து அலுவலகங்களில் நாள்தோறும் மழையளவு குறித்த பழைய ஏடுகள் இருக்கக்கூடும். அவற்றைக் கறையான் அரிப்பதற்குள் படியெடுத்து வைப்பதே நல்ல தொடக்கமாகும்.

கொழுந்து பறித்த கைகள் இம்மலையை நூறாண்டுக்கு மேலாக அறியும். அவ்வறிவு அளவைகளோடும் சான்றுகளோடும் எழுத்தில் ஏறுமாயின், அடுத்த மழைக்காலத்தில் ஓர் உயிரேனும் காக்கப்படலாம். அப்பணிக்கு நம் பிள்ளைகளை ஆயத்தம் செய்வோமாக.