தாண்டிக்குடி அடுப்பில் ஒரு ரிசோட்டோ
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவன் மேடை ஏறினால் பம்ப், வால்வு என்று பேசுவான் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது சோறு பற்றி. என் வகுப்புத் தோழர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஹாஸ்டல் மெஸ்ஸில் சோறு குழைஞ்சு போச்சுன்னு தட்டோடு வார்டன் அறைக்குப் போனவன் நான்தான். அதே குழைந்த சோற்றைப் பிற்காலத்தில் இத்தாலியில் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டேன்!

கம்பெனி வேலையாக மூன்று மாதம் தூரின் நகரத்தில் இருந்தேன். அங்கிருந்து மிலான் போகும் ரயிலில் வெர்செல்லி, நோவாரா என்ற ஊர்கள் வரும். மே மாதத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய நெல் வயல். தூரத்தில் ஆல்ப்ஸ் மலை. ஒரு நிமிடம் சோழவந்தான் பக்கம் போகிறோமோ என்று தோன்றிவிட்டது. அந்த வட்டாரத்து அரிசியில் செய்வதுதான் ரிசோட்டோ. அரிசியைக் கழுவாமல், வெண்ணெயிலோ எண்ணெயிலோ வறுத்து, கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுவார்கள். இறால், கணவாய் போட்டால் அது கடல் ரிசோட்டோ. உடன் வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்க் கற்றுக்கொடுத்தார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். என் சொந்த ஊர் தாண்டிக்குடி. கீழ்ப் பழனி மலையில் காபியும் மிளகும் விளையும் ஊர். அப்பா காலமான பிறகு அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். ஒரு சித்திரை மாதம் மழையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு. கம்பெனியில் சொல்லிவிட்டு லேப்டாப்போடு மலையேறினேன்.

போன முதல் நாள் இரவு அடுப்படியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பானைச் சோறு, ஊறுகாய், அவ்வளவுதான். கை முறிந்ததால் அல்ல. ரொம்ப நாளாகவே அப்படித்தானாம். கேட்டதற்கு, "ஒரு ஆளுக்கு எதுக்குத் தம்பி மூணு வேளையும் அடுப்பு?" என்றார். ஞாயிறு தவறாமல் போன் செய்து "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டவன் நான். "ஆச்சு" என்பார். என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

சமைப்போம் என்று முடிவு செய்தேன். எனக்குத் தைரியமாகச் செய்யத் தெரிந்தது அந்த ரிசோட்டோ ஒன்றுதான். மதுரையில் ஆர்போரியோ அரிசி வாங்கி வந்திருந்தேன். அடுத்த சிக்கல் மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017 முதல் 61 நாள். நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் அப்போது கடல் மீன். பண்ணை வனாமி இறாலும் கிடைக்கும். வத்தலக்குண்டில் கணவாயும் இறாலும் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, பட்டிவீரன்பட்டி, தடியன்குடிசை வழியாக மேலே கொண்டுவந்தேன்.

முதல் முயற்சி படுதோல்வி. தூரினில் 18 நிமிடத்தில் வெந்த அரிசி இங்கே நடுவில் சாக்பீஸ் மாதிரி நின்றது. ஒரு தவறு என்னுடையது: சாறு ஆறிப்போயிருந்தது. இன்னொன்று மலை செய்தது. தாண்டிக்குடி 1,300 மீட்டர் அளவு உயரம். காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். மலை வீடுகளில் குக்கருக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று பாடத்தில் படித்ததை அன்றைக்குத்தான் பல்லில் கடித்துப் புரிந்துகொண்டேன்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி கழுவ மாட்டேங்கிற?" என்றார். மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் சாற்றைக் கெட்டியாக்கும் என்றேன். "அதுக்கு எதுக்கு இத்தாலி அரிசி? தை அறுவடைப் பச்சரிசி இருக்குல்ல. புது அரிசி குழையும், பழசு உதிரும். பொங்கலுக்கு எதைப் போடுறோம்?" என்றார். நாலு வருடம் படித்தவன் வாய் மூடிக்கொண்டேன்.

இரண்டாவது முறை அம்மா சொல்லச் சொல்லச் செய்தது இது. நாலு பேருக்கு அளவு: புதுப் பச்சரிசி 300 கிராம், நன்றாகப் புடைத்து, ஈரமில்லாத துணியில் துடைத்தது. இறால் அரைக்கிலோ, கணவாய் கால் கிலோ. இறாலின் தலையையும் ஓட்டையும் எறியாமல், வெங்காயம், இடித்த மிளகு போட்டு ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அரை மணி கொதிக்கவிட்டு வடிகட்டினால் அதுதான் சாறு. அது பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கணும். சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, அரிசியைச் சூடேற வறுத்து, ஒரு கரண்டி சாறு ஊற்றிக் கிளறணும். வற்றினால் அடுத்த கரண்டி. பாதியில் பொடியாக நறுக்கிய சௌசௌ. அதுதான் எங்க ஊர்க் கோடைக் காய். அரிசி வெந்தபின் இறாலும் கணவாயும் போட்டு மூன்றே நிமிடம். மேலே போனால் ரப்பர். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு கட்டி வெண்ணெய், அரை எலுமிச்சை, மிளகுத்தூள். ஒயினுக்குப் பதில் அந்த எலுமிச்சைதான். கடல் ரிசோட்டோவுக்குச் சீஸ் போடுவது இத்தாலியர் வழக்கமும் அல்ல.

ஆர்போரியோவின் அந்தக் கடிபதம் இதில் வராது, உண்மை. ஆனால் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறவருக்கு இந்தக் குழைவுதான் சௌகரியம். அம்மா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. ரசம் எங்க?" என்றார்.

குக்கரை வைத்துவிட்டு நாம் வேறு வேலைக்குப் போய்விடலாம். இதை வைத்துவிட்டு நகர முடியாது. அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் அடுப்படியில் நின்றேன், அம்மா உட்கார்ந்து பேசினார். காபிப்பழம் எடுக்கும் நாட்களில் இருபது பேருக்கு உலை வைத்ததை, என் செமஸ்டர் பீசுக்கு மிளகு விற்றதை, நான் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகும் மாதம் ஒரு தடவை மலையேறுகிறேன். ஞாயிறு போனில் கேள்வியையும் மாற்றிவிட்டேன்: "என்ன சமைச்சீங்கம்மா?"

தம்பி தங்கைகளே, அரியர் இல்லாமல் பாஸ் செய்யுங்கள். அதோடு ஹாஸ்டலைக் காலி செய்வதற்குள் ஒரே ஒரு பதார்த்தமாவது சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அதை நீங்கள் செய்யுங்கள், அம்மா உட்காரட்டும்.