ஜோர்ஜ் டவுனிற் கேட்ட தப்பொலி



பயணக் கட்டுரை என்றதும் லண்டனும் பாரிஸும் நம்மவர் நினைவில் வருவது இயல்பு. நான் இன்று சொல்ல வந்தது அத்தகைய பெருநகரம் அன்று. தென்னமெரிக்காவின் வடகரையிலே, கரிபியன் நாடுகளுள் ஒன்றாக எண்ணப்படும் கயானாவின் தலைநகர் ஜோர்ஜ் டவுன். 2019 ஓகஸ்ட் விடுமுறையில் ரொறன்ரோவிலுள்ள தமக்கையார் வீட்டுக்குப் போயிருந்தேன். அயல்வீட்டு முதியவர் கயானாக்காரர். நான் தமிழாசிரியன் என்று அறிந்ததும், "எங்கள் ஊரிலும் மாரியம்மா இருக்கிறாள் சேர், போய்ப் பாருங்கள்" என்றார். மருமகன் பயணச்சீட்டு எடுத்துத் தந்தான். ஐந்து நாட் பயணந்தான்.

நோர்வூட்டிலிருந்து போனவனுக்கு அந்த நகரம் ஒரு வேடிக்கை. நாம் கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேலே வாழ்பவர்கள். அவர்களோ கடல் பெருகும் நேரத்தில் கடலுக்குக் கீழே வாழ்கிறார்கள். நீண்டதொரு கடற்சுவர் அலையைத் தடுக்கிறது. ஒல்லாந்தர் காலந்தொட்டு வெட்டிய வாய்க்கால்கள் தெருவோரமாக ஓடுகின்றன. 'கோக்கர்' எனப்படும் மதகுகளை வற்றுக்குத் திறந்து, பெருக்குக்கு மூடுகிறார்கள். ஸ்டாப்றூக் என்ற ஒல்லாந்தப் பெயர் 1812இல் ஜோர்ஜ் டவுன் என மாறியது; ஆனால் மணிக்கூட்டுக் கோபுரம் தாங்கிய இரும்புச் சந்தைக்கு இன்றும் பழைய பெயர்தான். பழைய வீடுகள் மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. தூய ஜோர்ஜ் பேராலயம் ஏறத்தாழ 143 அடி உயரம், அதுவும் மரத்தாலானது. போர்டா மைதானத்தை வெளியே நின்று பார்த்தேன். ட்ரான்சிஸ்டரைக் காதோடு அணைத்து நேர்முக வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரின் அருமை தெரியும்.

நகரின் நடுவே ஒரு பூங்காவில் கப்பலொன்றின் உருவம் நிற்கிறது. இந்தியா அன்பளித்தது. 'விற்பி' என்ற அந்தக் கப்பல் 1838 ஜனவரி 13ஆந் தேதி கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டது, 'ஹெஸ்பெரஸ்' பின்தொடர்ந்தது. மே 5ஆந் தேதி இரண்டும் கரை சேர்ந்தன. 1834இல் அடிமை முறை ஒழிந்து, அதன்பின் வந்த பயிற்சிக்காலக் கட்டாய வேலையும் முடியவிருந்த தறுவாயில், கரும்புத் தோட்டத் துரைமாருக்கு ஒப்பந்தக் கூலிகள் வேண்டியிருந்தனர். 1917 வரையில் ஏறத்தாழ 2,39,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் வடஇந்தியர். சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள் சிறு தொகையினர். அவர்கள் வழிவந்தோர்க்கு இன்றும் 'மதறாசி' என்றே பெயர்.

அந்தக் கப்பலின் முன் நான் வெகுநேரம் நின்றேன். நம் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்து, வழியிலே ஆயிரக்கணக்கில் மடிந்தவர்கள். 2023இல் இருநூறாண்டு நினைவாக நம்மவர் அந்தப் பாதையைத் திரும்பவும் நடந்து காட்டினர்.

எனக்கு வாகனம் ஓட்டிய பெரியவரை அங்குள்ள வழக்கப்படி 'அங்கிள்' என்றே அழைத்தேன். கரும்புத் தோட்டத்திலே பிறந்தவர். "என் தகப்பனார் ட்றைவர்" என்றார். லொறி ஓட்டினாரா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அங்கே 'ட்றைவர்' என்றால் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அடிமைக் காலத்துச் சொல்லாம். நம் லயத்துக்கு அவர்கள் சொல்வது 'லொஜி'. அதைக் காட்டும்படி கேட்டேன். "இப்போது எங்கே இருக்கிறது?" என்றார். 1949இல் வெளியான வென் ஆணைக்குழு அறிக்கை லொஜிகளை இடிக்கச் சொன்னது. தொழிலாளர் நலநிதிக் கடனுதவியோடு குடும்பங்கள் சொந்த வளவுகளுக்குப் போயின. நான் பேச்சை மாற்றினேன். எங்கள் ஊரில் லயம் இன்னும் இருக்கிறது என்று சொல்ல நா எழவில்லை.

1948 ஜூன் 16ஆந் தேதி எனுமோர் தோட்டத்தில் வேலை நிறுத்தம் செய்தோர் ஐவர் பொலிஸார் சுட்டு இறந்தனர். அதே 1948இல்தான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய நாம், 1952இல் வாக்குரிமை இன்றி வேடிக்கை பார்த்தோம். கயானாவிலோ, 1953இல் நடந்த முதலாவது சர்வசன வாக்குரிமைத் தேர்தலில் தோட்டத் தொழிலாளியின் மகனான செட்டி ஜகன் வென்றார். 133 நாளில் பிரித்தானியா அரசியலமைப்பையே இடைநிறுத்தியது என்பதும், 1964இல் அங்கே இனக்கலவரம் மூண்டது என்பதும் உண்மைதான். ஆனாலும் நீ இந்நாட்டவன் அல்லன் என்று அவர்களைச் சட்டம் போட்டு யாரும் விலக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆற்றோரக் கிராமமொன்றின் கோயிலுக்கு அங்கிள் அழைத்துச் சென்றார். தெருவிலேயே சத்தம் கேட்டது. நேயர்களே, தப்பு! நம் தோட்டத்துத் திருவிழாவில் அடிக்கிற அதே தப்பு. உள்ளே வேப்பிலை, கரகம், மஞ்சள் நீர். மாரியம்மா, மதுரைவீரன், முனீஸ்வரன், காட்டேரி. யாருக்கும் ஒரு வாக்கியம் தமிழ் பேசத் தெரியாது.

பூசை முடிந்ததும் பூசாரி ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். பாட்டனார் வாயிலிருந்து கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ப் பாடல்கள். "இவற்றின் கருத்து என்ன சேர்?" என்றார். வாசித்தேன். பாதி விளங்கியது, மீதி சிதைந்திருந்தது. இருபது ஆண்டாகக் கொப்பி திருத்திய கை சும்மா இருக்குமா? பேனையை எடுத்து ஒரு சொல்லை வெட்டி மேலே சரியான சொல்லை எழுதிவிட்டேன். பூசாரி மெல்ல என் கையைப் பிடித்தார். "மன்னிக்க வேண்டும். அம்மாவுக்குப் பழகிய சொல் இதுதான். மாற்றிப் பாடினால் அவள் வர மாட்டாள்."

எனக்கு முகம் எரிந்தது. திருத்தியதைத் திருத்தவும் வழியில்லை, மையல்லவா! "பரவாயில்லை, நீங்கள் வந்ததற்கு அடையாளமாக அது இருக்கட்டும்" என்றார்.

பிறகு வேறொரு சொல்லைக் காட்டினார். ஆட்டத்தின் முடிவில், சாமி ஆளை விட்டு நீங்கும்போது எல்லோரும் கூவுவதாம். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: மலையேறு. அது ஒரு துளியும் சிதையாமல் இருந்தது. எங்கள் ஊரிலும் சாமி மலையேறும், விளக்கை அணைப்பதையும் மலையேற்றுவது என்போம் என்று விளக்கினேன்.

"எந்த மலை?" என்றார் பூசாரி. அந்தக் கரையோரம் முழுவதும் உள்ளங்கை போல் சமதரை. அவர் அதைத் தாண்டிப் போனதில்லையாம். கைத்தொலைபேசியில் எங்கள் வீட்டு வாசலில் எடுத்த படம் ஒன்று இருந்தது: தேயிலை, அதற்கு மேலே காடு, காட்டுக்கு மேலே மூடுபனி. எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு தப்படித்த பையன்களைக் கூப்பிட்டு அவர்களிடம் நீட்டினார்.