ஸ்கெல் ஆற்றங்கரை மடாலயம்

இங்கிலாந்தின் வடபகுதியாகிய யார்க்ஷயரில், ரிப்பன் நகருக்கு அருகே ஸ்கெல் என்னும் சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையில் கூரையிழந்து நிற்கும் ஃபவுண்டன்ஸ் மடாலயத்தின் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

1132-ஆம் ஆண்டில், யார்க் நகரத்துப் புனித மேரி மடத்தில் ஒழுக்கம் தளர்ந்துவிட்டதென மனம் வருந்திய துறவியர் பதின்மூவர் அதனைவிட்டு வெளியேறினர். பேராயர் தர்ஸ்டன் அவர்களுக்கு அளித்ததோ முட்புதர் மண்டிய இப்பள்ளத்தாக்கு. எளிமையையும் உடலுழைப்பையும் வற்புறுத்திய ஸிஸ்டர்ஷியன் நெறியை அவர்கள் மேற்கொண்டனர்.

வறுமையை நாடி வந்தோரைச் செல்வம் தேடி வந்தது. பிரபுக்கள் நிலங்களை வழங்கினர். அவற்றில் ஆட்டு மந்தைகள் பெருகின. கம்பளியை இத்தாலிய வணிகர் வாங்கினர். வருங்காலத்துக் கம்பளிக்கும் முன்பணம் பெற்ற மடம், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருங்கடனில் ஆழ்ந்தது! துறவிகளுக்கு ஏன் இந்த வாணிகம் என்று நாம் கேட்கலாம்.

இச்செல்வத்தை ஈட்டித் தந்தோர் யாவர்? பாடகர் வரிசையில் நின்று இறைவனைத் துதித்த துறவியர் அல்லர். உழவு, மேய்ச்சல், கல்வேலை ஆகியவற்றைச் செய்த பொதுநிலைச் சகோதரர்களே. அவர்களும் நோன்பு பூண்டவர்களே. எனினும் நூல் வைத்திருக்க அவர்களுக்கு அனுமதியில்லை. சில செபங்களை மனப்பாடம் செய்தால் போதும் என்பது விதி. உணவும் உறக்கமும் தனி. கோயிலிலும் மேற்புறமே அவர்களுக்குரியது. 1348-49-இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின் அவர்கள் தொகை மிகவும் அருகியது. நிலங்கள் குத்தகைக்கு விடப்பட்டன.

உயர்ந்த கோபுரம் எழுப்புதல் அச்சபையின் பழைய விதிக்கு முரண். ஆயினும் 1500-ஐ ஒட்டி, மடத்தலைவர் மார்மடியூக் ஹூபி சுமார் 160 அடி உயரக் கோபுரமொன்றை எழுப்பினார். அது முடிந்து அரை நூற்றாண்டு ஆகுமுன்னரே, 1539-இல், எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணையால் மடம் கலைக்கப்பட்டது. துறவியர் ஓய்வூதியம் பெற்றுப் பிரிந்தனர்; கூரையின் ஈயத்தகடு பெயர்த்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டே லண்டன் வணிகர் ரிச்சர்ட் கிரெஷாம் இடத்தை வாங்கினார். பின்வந்த உரிமையாளர் ஒருவர் மடத்துக் கற்களைக் கொண்டே அருகில் மாளிகை கட்டினார். 1767-இல் வில்லியம் ஐஸ்லபி, தம் பூங்காவுக்கு அழகூட்டும் காட்சியாக இவ்விடிபாட்டை விலைக்கு வாங்கினார்! 1986-இல் பூங்காவும் மடமும் உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

பெருங்கோயில் இன்று வானம் பார்த்து நிற்கிறது. பொதுநிலைச் சகோதரர்கள் உண்ட கூடமும் பண்டகசாலையும் அமைந்திருந்த கீழ்த்தளமோ, சுமார் 300 அடி நீளத்துக்குக் கல்வளைவு குலையாமல் இருக்கிறது. அவ்வளைவுகளின் இடுக்குகளில் இப்போது வௌவால்கள் வாழ்கின்றன.