“கொஞ்சம் தண்ணிதானே” என்று சொல்ல முடியாது

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கறவை மாடு வைத்திருக்கும் உறுப்பினர்களிடம் பேசியது)



நம்ம குழுக்களில் கடன் வாங்கி மாடு வாங்கியவர்கள் நிறையப் பேர். அந்தக் கடன் அடைவதே பால் காசில்தான். அதனால் பால் விற்பவர்கள் மேல் வரும் கேஸ் பற்றி இன்னைக்குப் பேசுவோம். பயமுறுத்த இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

உத்தரப் பிரதேசத்தில் 1995-ல் ஒரு பால் வியாபாரியிடம் மாதிரி எடுத்தார்கள். கொழுப்பு 4.6 சதவீதம் இருந்தது. இதர சத்து 8.5 இருக்க வேண்டிய இடத்தில் 7.7 தான் இருந்தது. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போய் 2019-ல் முடிந்தது. 24 வருஷ அலைச்சல்! “கொஞ்சம்தானே குறைவு” என்ற வாதம் எடுபடவில்லை. சட்டம் ஒரு அளவைச் சொன்னால் அந்த அளவு இருந்தே ஆகணும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. தண்டனை உறுதியானது.

அது 1954-ம் வருஷக் கலப்படத் தடுப்புச் சட்டத்தில் போட்ட கேஸ். 2011 ஆகஸ்டு முதல் அமலில் இருப்பது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006. இதில் தரம் குறைந்த பாலுக்கு 5 லட்சம் வரை அபராதம் போடலாம். உடம்புக்குக் கெடுதல் செய்யும் பொருளைக் கலந்தால் ஜெயில். இப்போது பசும்பாலில் கொழுப்பு 3.2, இதர சத்து 8.3 சதவீதமாவது இருக்க வேண்டும்.

“நாங்க தண்ணியே கலக்கலையே” என்பீர்கள். தீவனம் போதாவிட்டாலும் சத்து குறையும். அதனால் பசுந்தீவனம், புண்ணாக்கு, தாது உப்பு சரியாகக் கொடுப்போம். சொசைட்டியில் ஊற்றும்போது கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வைப்போம். பால் முழுவதையும் கூட்டுறவு சங்கத்துக்கே ஊற்றும் உறுப்பினருக்குப் பதிவு தேவையில்லை. வீடு வீடாக விற்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அதிகாரி மாதிரி எடுக்க வந்தால் ஓடி ஒளிய வேண்டாம். மாதிரிக்கு உரிய விலையை நமக்குத் தர வேண்டும். மாதிரியை நாலு பாகமாகப் பிரித்து சீல் வைக்க வேண்டும். அதில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், செலவு நம்முடையது. ஆய்வு முடிவு நமக்கு எதிராக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் படித்தவர்களைக் கூப்பிடுங்கள்.

ஒரு செம்புத் தண்ணியில் கிடைக்கும் லாபம் கொஞ்சக் காசுதான். கேஸ் என்று வந்தால் போவது மாடு, கடன், குழுவின் நல்ல பேர் எல்லாம்தான். நாம் ஊற்றும் பாலைக் குடிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தை. அதை நினைத்துக் கறப்போம், நினைத்து ஊற்றுவோம்.